பரணுக்கு இரண்டாம் ஆள்

நான் இருக்கிற கனடாச் சிற்றூரில் ஒரு கடை உண்டு. அங்கே கதிரை வாங்கப் போனால் விற்பனைக்காரன் முதலில் உங்கள் எடையைக் கேட்பான். எனக்கு முகம் சுளித்துவிட்டது. காத்தான்குடியில் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறேன். யாரும் என் எடையைக் கேட்டதில்லை. இருக்கச் சொல்வார்கள், பிளேன்டீ தருவார்கள், ஊரில் மழை எப்படி என்று விசாரிப்பார்கள், கடைசியில்தான் சாமான் பற்றிய கதை வரும். இவன் என்னை மேலும் கீழும் பார்த்து, உடுப்போடும் சப்பாத்தோடும் சேர்த்து எவ்வளவு இருப்பாய் என்கிறான். என்னையே நிறுத்து விற்கப்போகிறானோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அது வீட்டில் போடுகிற கதிரை இல்லை. மரத்தில் தொங்குகிற கதிரை. ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். மான் சுடப் போகிறவர்கள் மரத்தில் கட்டி, அதில் ஏறிக் குந்தியிருப்பார்கள். கதிரை தாங்கும் பாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதற்குத்தான் எடை கேட்கிறார்கள்.

அந்தக் கடையின் பின்பக்கம் முழுவதும் மரம் ஏறும் சாமான்கள். தட்டுகள், ஏணிகள், கொளுக்கிகள், நாடாக்கள், மரநிறத்தில் சட்டைகள். சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு போய்க் குளிரில் மரத்தில் இருப்பதற்கு இத்தனை சாமானா என்று ஆத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் மரத்தில் ஏறி இருப்பவன் விருப்பத்துக்கு ஏறுவதில்லை. நெல்லுக்காக ஏறுகிறான். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். கரடியனாற்றுக்கு மேற்கே எங்கள் வட்டை இருக்கிறது. வட்டை என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்து கிடக்கும் வெளி. அதன் எல்லையில் காடு. பயிர் குடலையாகி உள்ளே கதிர் திரளும் நாளிலிருந்து அறுவடை முடியும் வரை காட்டிலிருந்து யானை வரும். அதைக் கலைக்க ஒவ்வொரு வயல் துண்டுக்கும் ஒரு பரண். பெரிய மருதை மரத்தில், இரண்டு கவருக்கு நடுவே கம்புகளைப் போட்டுக் கட்டி, வைக்கோல் பரப்பி, மேலே ஒரு தறப்பாள். அதில் இரண்டு பேர் இருக்கவேண்டும். ஒருவன் படுத்தால் மற்றவன் முழித்திருப்பான். ஏறியதும் ஏணியை மேலே இழுத்துவிடவேண்டும். கீழே விட்டால் யானை அதைத் துதிக்கையால் பிடித்து இழுத்து முறித்துவிடும். பிறகு இறங்க வழியில்லை. யானை மரத்தடிக்கே வந்துவிட்டால் பரணில் இருக்கக்கூடாது, அது எட்டிப் பிடிக்கும். பரணை விட்டு மேல் கொப்புக்குத் தாவவேண்டும். இவ்வளவுதான் சட்டம். நானும் என் தம்பி குணமும் பல போகம் அப்படி இருந்தோம். நான் கனடாவுக்கு வந்த பிறகு எங்கள் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவன் அவனோடு இருந்தான். அவனும் கத்தாருக்குப் போய்விட்டான். இப்போது குணம் தனியாள்.

போன சிறுபோகத்தில் குணத்தின் மனைவி புவனா போன் எடுத்தாள். அவள் தேற்றாத்தீவுக்காரி. வாவிக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஓரம் வளர்ந்தவள், கலியாணம் முடிக்கும் வரை கோயில் திருவிழா தவிர வேறெங்கும் யானை காணாதவள். அழவில்லை, கோபமாகத்தான் கதைத்தாள். குணம் பரணில் நித்திரையாகிச் சரிந்து விழுந்திருக்கிறான். விழுந்தது வாய்க்கால் சேற்றில், அதனால் உயிர் மிஞ்சியது. தோள்பட்டை எலும்பு வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவன் கட்டோடு திரும்பவும் பரணுக்கு ஏறுகிறானாம். "அத்தான், நீங்க சொன்னாத்தான் கேப்பார். அடுத்த போகத்துக்கு என்ன செய்யப்போறீங்க எண்டு சொல்லுங்க," என்றாள். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. வயலை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆள் பிடித்து வை என்றால் யானைக் காவலுக்கு இப்போது ஆள் வருவதில்லை.

நான் வேலை செய்வது ஒரு கோழி வெட்டும் தொழிற்சாலையில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் டேவ். வெள்ளைக்காரன், என்னைவிட மூப்பு, கொஞ்சம் நொண்டி நடப்பவன். சாப்பாட்டு அறையில் நான் புவனாவோடு கதைத்த பிறகு முகத்தைத் தொங்கப்போட்டிருப்பதைக் கண்டு என்ன என்று கேட்டான். என் அரைகுறை இங்கிலீஷில் தம்பி மரத்திலிருந்து விழுந்தான் என்றேன். அவன் கண் விரிந்துவிட்டது. உன் தம்பியும் வேட்டைக்காரனா என்றான். இல்லை, அரிசி என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அரிசி மரத்தில் காய்க்குமா என்று ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் மரத்திலிருந்து விழுவது என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து என்னை விடவே இல்லை. தம்பிக்கு விழாமல் தாங்கும் ஹார்னஸ் வாங்கி அனுப்பு, நல்ல ஸ்டாண்ட் ஒன்று வாங்கு, நானே கடைக்குக் கூட்டிப்போகிறேன், என் காட்டில் கட்டிப் பழகிப் பார், மான் காலத்தில் என்னோடு வந்து இரு. ஒரு வெள்ளைக்காரன், கையில் ஆயுதம் வைத்திருப்பவன், என்னைத் தன் காட்டுக்கு வா வா என்று கூப்பிடுகிறான். எங்கள் ஊர்க்காரன் எவனும் இதை நல்லதென்று எடுக்கமாட்டான். காரணம் இல்லாமல் ஆளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார்களா? எங்கள் நாட்டில் கூட்டிப்போனவர்கள் எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஆனால் தம்பி விழுந்திருக்கிறான். அதனால் போனேன்.

கடையில் மூன்று வகை காட்டினார்கள். முதலாவது நீண்ட இரும்பு ஏணியோடு கூடிய இருக்கை. இதுதான் புதியவருக்குப் பாதுகாப்பு என்றான் விற்பனைக்காரன். மரத்தோடு சாய்த்துக் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்குமாம். நிற்கும், மான் வருகிற ஊரில் நிற்கும். இரண்டாவது, மரத்தைக் கவ்விக்கொண்டு, ஆளோடு சேர்ந்து ஏறுகிற வகை. அதற்குக் கொப்பில்லாத, நேரான, நடுத்தர மரம் வேண்டும். எங்கள் மருதை கீழிருந்தே கொப்பு விடும், அடிமரத்தை மூன்று பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாது. மூன்றாவது, ஒரு தட்டும் ஒரு குட்டி இருக்கையும், நாடாவால் மரத்தில் தொங்குவது. தூக்கிப்போகலாம், பிரிக்கலாம், விரும்பிய உயரத்தில் கட்டலாம். அது எனக்குப் பிடித்தது. நாடாவின் நீளம் கேட்டேன். மருதைக்குக் காணாது. இதைவிட நீளமாக உண்டா என்றேன். இவ்வளவு பருத்த மரத்தில் யாரும் கட்டுவதில்லை, வேறு மரம் தேர்ந்தெடு என்றான். வட்டையில் எங்களுக்கு ஒரேயொரு மரந்தான் இருக்கிறது என்று இவனுக்கு எப்படிச் சொல்வது? பிறகு எனக்கு முக்கியமான கேள்வியைக் கேட்டேன். இது எவ்வளவு இழுவை தாங்கும்? உன் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்கும் என்றான். என் எடையைக் கேட்கவில்லை, யானை பிடித்து இழுத்தால் தாங்குமா என்றேன். அவன் டேவைப் பார்த்தான். டேவ் கூரையைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே விலை கூடிய ஒன்றை என் கையில் வைத்தான். அப்போதே முடிவெடுத்தேன், இவன் சொல்வது ஒன்றையும் என் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை என்று.

ஹார்னஸ் என்பது நாடாக்களால் ஆன சட்டை. தோளுக்கு இரண்டு, நெஞ்சுக்கு ஒன்று, இரண்டு தொடைக்கும் இரண்டு. முதுகுப்பக்கத்தில் ஒரு வால். அந்த வாலை மரத்தைச் சுற்றிய கயிற்றில் கொளுவவேண்டும். நிலத்தை விட்டுக் கால் எடுக்கும் முன் கொளுவி, திரும்ப நிலத்தில் கால் வைத்த பிறகுதான் கழற்றவேண்டும், இதுதான் இங்கே முதலாம் சட்டம் என்றான் டேவ். பழையது ஒருவன் மலிவாக விற்கிறான், அதை வாங்கட்டுமா என்று கேட்டேன். அவன் பதறிவிட்டான். ஹார்னஸை மட்டும் பழையது வாங்காதே, ஒருமுறை விழுந்து இழுபட்டதா என்று வெளியே தெரியாது என்றான். ஓரத்தில் காலாவதித் திகதி போட்டிருந்தது. பால்மாவுக்குத் திகதி போடுவார்கள், கயிற்றுக்கும் போடுவார்களா? விற்பதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி என்று நினைத்தேன். இப்போதும் அரைவாசி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் புதிதாகத்தான் வாங்கினேன். விழப்போவது நான் இல்லை, தம்பி.

அதைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொன்னார்கள். டேவ் எனக்குப் பின்னால் நின்று நாடாக்களை இறுக்கினான். தொடையில், நெஞ்சில், தோளில். ஒவ்வொரு கொளுக்கியும் பூட்டும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு காலம் இருந்தது. அப்போது ஒரு ஆளைப் பின்னால் நின்று கட்டினால், அது அவன் விழாமல் இருப்பதற்கு இல்லை. கட்டிக் கூட்டிப்போன ஆள்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. நாற்பது வயது ஆன ஆள், ஒரு கடை நடுவே, வெளிச்சத்தில், வேர்த்து வழிந்து நின்றேன். டேவ் இறுக்கம் கூடிவிட்டதா என்றான். ஓம் என்றேன். கொஞ்சம் தளர்த்திவிட்டான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை, இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

அனுப்புவதற்கு முன் டேவின் காட்டில் ஒருநாள் பழகிப் பார்த்தோம். காலையில் ஒரு மேப்பிள் மரத்தில் தட்டைக் கட்டித்தந்தான். இலேசான ஏணி ஒன்றைச் சாய்த்து, இதை மரத்தோடு நாடா போட்டுக் கட்டிவிட்டு ஏறு என்று சொல்லிவிட்டுத் தன் மரத்துக்குப் போனான். நான் ஏணியைக் கட்டவில்லை. ஏறினேன், கொளுவினேன், இருந்தேன். பிறகு என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே குனிந்து ஏணியைப் பிடித்து மேலே இழுத்துக் கொப்பில் சாத்தினேன். பல வருசம் மரம் ஏறாதிருந்தாலும் கைக்கு அது மறக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து டேவ் என்னைப் பார்க்க வந்தான். கீழே நின்று மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏணியைத் தேடினான். பிறகு மேலே பார்த்தான்.

"ஏணியை ஏன் தூக்கினாய்?"

"யானைக்கு," என்றேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. நான் அவனைப் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தான். அதைவிட மோசமாக, அவன் ஏறி வந்துவிடுவான் என்று பயந்து ஏணியை எடுத்துவிட்டேன் என்று நினைத்தான். உனக்கு என்னில் நம்பிக்கை இல்லையா என்று நேரே கேட்டான். இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் ஏணிக்குக் காரணம் அது இல்லை. இறங்கி, போனில் எங்கள் பரணின் படத்தைக் காட்டினேன். யானை முறித்துப்போட்ட ஒரு ஏணியின் படமும் இருந்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு அவனுடைய வாகனத்தில் திரும்பும்போது, கேட்காமலே, தன் நொண்டிக் காலின் கதையைச் சொன்னான். தனியாக வேட்டைக்குப் போனவன், ஹார்னஸ் போடாமல் ஏறி, கால் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து பகல் முழுவதும் இலைக் குப்பைக்குள் கிடந்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் மனைவி துணையில்லாமல் காட்டுக்கு விடுவதில்லை. நண்பர்கள் வந்தால் மானுக்குச் சண்டை வரும். என்னைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். எனக்குச் சுடத் தெரியாது, மானும் கேட்கமாட்டேன், கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஒரு மரத்தில் இருப்பேன். ஆக, காரணம் இல்லாமல் யாரும் யாரையும் காட்டுக்குக் கூட்டிப்போவதில்லை என்று நான் நினைத்தது சரிதான். அவனுக்கு இரண்டாம் ஆள் தேவைப்பட்டது. ஆனால் கோபம் வரவில்லை. அது எனக்குத் தெரிந்த காரணம்.

தட்டு, இருக்கை, மூன்று நாடாவை இணைத்துத் தைப்பித்த நீள நாடா, ஹார்னஸ் எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் கப்பலில் போட்டேன். மாரிமழை தொடங்கும் நேரம் போய்ச் சேர்ந்தது. குணம் போன் எடுத்தான். நன்றி சொல்லத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

"இதப் போட்டு மரத்தோட கொளுவிட்டு இருந்தா, ஆனை மரத்தடிக்கு வந்தா நான் எங்க போற, அண்ணன்?"

விழமாட்டாய் என்றேன்.

"விழமாட்டன்தான். அது என்னப் பிடுங்கி எடுக்கும். உங்கட மான் ஆளக் கண்டா ஓடும். இஞ்ச ஆளக் கண்டாத்தான் வாற."

எனக்குத் தெரியாத விசயமா? மேல் கொப்புக்குத் தாவவேண்டும் என்பதை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கடையில் நின்றபோது ஒருமுறைகூட அது எனக்கு நினைவு வரவில்லை. ஏணியை இழுத்த கைக்கு யானை நினைவிருந்தது, தலைக்கு இல்லை. அந்த எரிச்சலில் அவனைத்தான் ஏசினேன். கொளுக்கியைக் கழற்ற எவ்வளவு நேரம், சோம்பேறி, சொன்னதைச் செய் என்றேன். இருட்டில் முதுகுக்குப் பின்னால் கையைவிட்டுக் கழற்றச் சொல்றீங்களா என்று கேட்டான். நான் கத்தினேன். அவன் கத்தவில்லை.

"பரண்ல ரெண்டு பேர் இருந்தா இது ஒண்டும் வேணா. பெல்ட்ட அனுப்பிரிக்கீங்க. ஆளையெல்லோ அனுப்பணும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அதன் பிறகு சில கிழமை அவன் என் போனை எடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சாமானை விற்றுவிட்டான் என்று நினைத்தேன். செங்கலடியில் யாருக்காவது கொடுத்துவிட்டு எனக்குக் கதை விடுகிறான் என்று நினைத்தேன். புவனாவுக்குப் போன் எடுத்து, படம் அனுப்பு, சாமான் எங்கே என்று காட்டு என்றேன். அனுப்பினாள். நான் கடைக்காரனோடு சண்டை போட்டு வாங்கிய இருக்கை, குசினிப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தது. அதில் குந்தியிருந்து அவள் மீன் வெட்டுகிறாள். உயரம் நல்ல அளவாக இருக்கிறதாம். மூன்று நாடாவை இணைத்துத் தைத்த நாடா, உர மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹார்னஸ் எங்கே என்று கேட்டேன். அது அவரோட இரிக்கி என்று மட்டும் சொன்னாள். நம்பவில்லை. அதை எருமைக்குக் கட்டியிருப்பான் என்றே நினைத்தேன்.

மார்கழியில், வில்லால் மான் வேட்டையாடும் காலம் முடிவதற்கு முன் டேவ் கூப்பிட்டான். விடிகிற நேரம், அவன் எனக்குத் தந்த புது ஹார்னஸோடு அதே மேப்பிள் மரத்தில் அவன் கட்டிவைத்த தட்டுக்கு ஏறி, கொளுவி, ஏணியை மேலே இழுத்து வைத்தேன். இப்போது டேவ் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பனி பெய்துகொண்டிருந்தது. எனக்கு விடியும் நேரம் வட்டையில் பின்னேரம், குணம் பரணுக்கு ஏறும் நேரம். மரத்தில் இருந்து போன் கதைத்தால் மான் ஓடிவிடும் என்று டேவ் திட்டுவான். திட்டட்டும் என்று குணத்துக்கு வீடியோ கோல் எடுத்தேன். புவனாதான் எடுத்தாள். அவனுக்கு இராச்சாப்பாடு கொண்டுவந்து மருதையடியில் நிற்கிறாள். நான் மரத்தில் இருப்பதைக் கண்டு, "இதென்ன அத்தான், நீங்களும் ஏறிட்டீங்களா?" என்று சிரித்தாள். மெல்லிய குரலில், ஹார்னஸைக் காட்டு என்றேன். போனை மேலே பிடித்தாள்.

குணம் பரணில் இருந்தான். சேட்டுக்கு மேலே அதே நாடாச் சட்டை, ஒழுங்காக, தொடைக் கொளுக்கிகூடப் பூட்டியிருந்தது. ஆனால் முதுகுப்பக்கத்து வால் மரத்துக் கயிற்றில் கொளுவி இருக்கவில்லை. அந்த வாலில் ஒரு துணித் துண்டை முடிந்து, துணியின் மறு நுனியைப் பக்கத்துக் கொப்பில் கட்டியிருந்தார்கள். நீலமும் வெள்ளையும் கலந்த பழந்துணி. இது ஒரு மனிதனைத் தாங்குமா, உனக்கு மூளை இருக்கா என்று கேட்டேன். மெதுவாகக் கேட்க நினைத்தும் சத்தம் கூடிவிட்டது. அந்தப் பக்கத்து மரத்தில் டேவ் தலையைத் திருப்பியிருப்பான்.

"தாங்குறதுக்கில்ல," என்றான் குணம். "நித்திரையில சரிஞ்சா ஒரு இழுவ இழுக்கும். முழிச்சிருவன். ஆனை வந்து நான் பாஞ்சா அறுந்திரும். புவனாட ஐடியா."

"அறுந்து விழுந்தால்?"

"அறுறதுக்கு முதல் எழுப்பிரும். ரெண்டு தரம் எழுப்பியிரிக்கி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போதும் இல்லை. ஒரு பழந்துணியை நம்பி ஒருத்தன் யானைக் காட்டோரம் நித்திரை கொள்கிறான் என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்? எந்தத் துணி அது, நல்ல துணியாவது கிடைக்கவில்லையா என்று புவனாவைக் கேட்டேன். நல்ல துணி என்றால் அறாதே என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்கட சாரந்தான் அத்தான். நீங்க விட்டுட்டுப் போன பெட்டிக்குள்ள கிடந்த. நீங்க வந்தா உடுப்பீங்க எண்டு வெச்சிருந்தன்," என்றாள்.

நான் ஊரில் இடுப்பில் உடுத்த சாரத்தைக் கேட்காமல் கிழித்துவிட்டாள். திட்ட வாய் எடுத்தேன். பக்கத்து மரத்திலிருந்து டேவ் மெல்ல விசிலடித்தான். இருக்கிறாயா என்று கேட்கும் விசில் அது. இருக்கிறேன் என்று திருப்பி அடித்தேன். போனில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குணம் ஏணியை மேலே இழுத்தான். இங்கே எனக்கு விடிந்துகொண்டு வந்தது. என் முதுகில் ஒரு காளைமாட்டையே தாங்கும் என்று எழுதிய புது நாடா மேப்பிள் மரத்தோடு இறுகியிருந்தது. மருதைக் கொப்பில் என் சாரம் காற்றில் ஆடியது, தம்பி எப்போது சரிவான் என்று பார்த்துக்கொண்டு.